கூரையில் சோலர்: நெற் மீற்றரிங்கா, நெற் பிளஸா, பற்றரியா?

2025 சித்திரைப் புத்தாண்டுக்கு இலங்கை மின்சார சபை ஒரு வேண்டுகோள் விடுத்தது. ஏப்ரல் 13 முதல் 21 வரை, கூரையில் சோலர் பூட்டியவர்கள் பிற்பகல் 3 மணி வரை அதை நிறுத்தி வையுங்கள் என்று. 2022 மார்ச்சில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு அனுபவித்த நாடு இது. மூன்று வருடத்தில் "கரண்ட் கூடிப்போச்சு, நிற்பாட்டுங்கோ" என்று கேட்கும் நிலைக்கு வந்தது பலருக்குச் சிரிப்பாக இருந்தது. இலட்சக்கணக்கில் கடன்பட்டுப் பூட்டியவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது புதிதாகப் பூட்ட யோசிப்பவர்கள் அந்த வேண்டுகோளுக்கான காரணத்தை விளங்கிக்கொள்வது நல்லது. எத்தனை கிலோவாற் போடுவது, எந்தத் திட்டத்தில் சேர்வது, பற்றரி வாங்குவதா விடுவதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அதற்குள்ளேதான் இருக்கிறது. விற்க வருபவர்கள் பெரும்பாலும் கூரையின் பரப்பையும் மாத வருமானத்தையும்தான் கதைப்பார்கள். மணிக்கூட்டைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

மணிக்கூடு என்று சொல்வது இதைத்தான். எங்கள் நாட்டில் மின்சாரம் அதிகம் தேவைப்படுவது மாலை 6:30 இலிருந்து இரவு 10:30 வரை. சபையின் நேரவாரிக் கட்டணத்திலும் அதுதான் உச்ச நேரம். வேலையால் வந்து, விளக்குப் போட்டு, சமைத்து, ரிவி பார்த்து, இப்போது சில வீடுகளில் மின்சாரக் காரையும் செருகிவிட்டுப் படுக்கும் நேரம். சோலர் உச்சமாகத் தருவதோ பகல் 11 முதல் 2 வரை. மாலை ஆறரைக்குக் கூரை பூச்சியம். ஆக, நாட்டில் ஆயிரம் மெகாவாற்றைத் தாண்டிக் கூரைச் சோலர் வந்துவிட்ட பிறகும், இரவு உச்சத்துக்கு வைத்திருக்க வேண்டிய மின்நிலையங்களில் ஒன்றைக்கூட அதனால் மூட முடியவில்லை. நீர்மின்சாரமும் நிலக்கரியும் போக மிச்சத்துக்கு எண்ணெய்தான் எரிகிறது. சுன்னாகத்தில் இருக்கும் உத்துரு ஜனனி மின்நிலையமும் எண்ணெயில் ஓடுவதுதான்.

பகலில் பிரச்சினை வேறு. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தில் தலா 300 மெகாவாற் கொண்ட மூன்று இயந்திரங்கள் உள்ளன. வெயில் ஏறியதும் அணைத்து, இருட்டியதும் போடுகிற சாமான் இல்லை அவை. ஒருமுறை நின்றால் திரும்ப முழு அளவுக்கு வர நாட்கணக்காகலாம். இரவுக்கு வேண்டுமென்றால் பகலிலும் ஓரளவாவது ஓட விட்டாக வேண்டும். தொழிற்சாலையும் கந்தோரும் பூட்டியிருக்கும் விடுமுறை நாளில், நல்ல வெயிலில், நுரைச்சோலையும் ஓடி, ஆறுகளும் ஓடி, கூரைகளும் தந்தால் அதை வாங்க ஆள் இல்லை. இந்தியாவுக்கு அனுப்பக் கடலடிக் கம்பியும் இல்லை. நாங்கள் தனித் தீவு.

இது வெறும் ஊகம் இல்லை என்பதை 2025 பெப்ரவரி 9 காட்டியது. ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றைத் தாண்டிய நேரம். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததால் நாடு முழுக்க இருண்டது என்று அமைச்சர் சொன்னார். குரங்கை வைத்து உலகமே பகிடி விட்டது. ஆனால் குரங்கு தொடக்கம் மட்டும்தான். ஞாயிறு என்பதால் மின்சாரத் தேவை குறைவு, வெயில் அதிகம், அதனால் வலையமைப்பில் சோலரின் பங்கு கூடவும் சுழலும் பெரிய இயந்திரங்களின் பங்கு குறைவாகவும் இருந்தது என்று மின்சார சபை பின்னர் விளக்கியது. ஆட்கள் நிரம்பிய பஸ் பள்ளத்தில் விழுந்தால் ஒரு குலுக்கலோடு போய்விடும், அதே பள்ளம் சைக்கிள்காரனைத் தூக்கி எறிந்துவிடும். பல தொன் எடையுள்ள சுழலிகள்தான் வலையமைப்புக்கு அந்தப் பஸ் பாரத்தைக் கொடுப்பவை. சோலரில் சுழல்வது எதுவும் இல்லை. எங்கோ ஒரு கோளாறு வந்ததும் 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண் சட்டென்று விழ, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் கழன்றது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றதால், அடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியாலச் சுழற்சி மின்வெட்டும் வந்தது.

இதில் சோலர்காரர் மீது மட்டும் பழி போடுவது அநியாயம் என்பேன். பெரிய பற்றரி நிலையங்களை நேரத்தோடு கட்டியிருந்தால், கூரைகளுக்கு அனுமதி கொடுக்கும் வேகத்தில் வலையமைப்பையும் பலப்படுத்தியிருந்தால், கதை வேறு. 2030 இல் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று இலக்கு வைத்தவர்கள், பகல் மின்சாரத்தை எங்கே சேமிப்பது என்பதையும் அப்போதே தீர்மானித்திருக்க வேண்டும். சரி, அது எங்கள் கையில் இல்லை. எங்கள் கையில் இருப்பது எங்கள் கூரை.

வீட்டுக்காரருக்கு முன்னால் இருப்பவை நான்கு தெரிவுகள்.

முதலாவது நெற் மீற்றரிங். பகலில் நீங்கள் சபைக்குக் கொடுக்கும் யுனிற்றும் இரவில் எடுக்கும் யுனிற்றும் ஒன்றுக்கொன்று கழிபடும். மிச்சம் இருந்தால் காசு இல்லை, கணக்கில் ஏறி அடுத்தடுத்த மாதங்களுக்குப் போகும். இரண்டாவது நெற் அக்கவுண்டிங். கழிபடுவது அப்படியேதான், ஆனால் மிச்சத்துக்குக் காசு வரும். மூன்றாவது நெற் பிளஸ். கூரையில் உற்பத்தியாவது முழுக்கச் சபைக்கு விற்பனை, வீட்டுப் பாவனைக்குத் தனியாக வழமையான பில். நான்காவது பற்றரி. இது தனித் திட்டம் என்பதைவிட, மேலே சொன்னவற்றோடு சேர்ந்து வரும் இன்னொரு செலவு என்றுதான் பார்க்க வேண்டும்.

காசுக் கணக்கு முதலில். 2016 இல் அரசின் கூரைச் சோலர் திட்டமான சூரிய பல சங்கிராமய தொடங்கியபோது மிச்ச யுனிற்றுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15.50 என்று ஒப்பந்தம். 2022 நெருக்கடிக்குப் பிறகு அது 37 ரூபாவுக்கு ஏறியது. 2024 இல் 27 அளவுக்கு இறங்கி, 2025 இல் 5 கிலோவாற் வரையான வீட்டுத் தொகுதிக்கு 20.90, அதற்கு மேல் 20 கிலோவாற் வரை 19.61 என்று வந்து நிற்கிறது. கையெழுத்துப் போடும் நாளில் என்ன விலையோ அதுதான் உங்களுடையது. பக்கத்து வீட்டு அண்ணை 37க்குப் போட்டவர் என்பதால் உங்களுக்கு 37 வராது.

மாதம் 200 யுனிற் பாவிக்கும் ஒரு வீட்டை எடுப்போம். எங்கள் பக்க வெயிலுக்கு 5 கிலோவாற் தொகுதி மாதம் ஏறத்தாழ 600 யுனிற் தரும். நெற் அக்கவுண்டிங்கில் 400 மிச்சம். 20.90 படி 8,360 ரூபா. அதே கூரை 37 ரூபா ஒப்பந்தத்தில் 14,800 தந்திருக்கும். சோலர் பூட்டினால் இத்தனை வருடத்தில் முதல் வந்துவிடும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால், எந்த விலையை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். இன்னமும் பழைய கணக்கை வைத்து வியாபாரம் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்த 8,360 மட்டும் இலாபம் இல்லை. கட்டாமல் விட்ட 200 யுனிற் பில்லும் சேரும், யுனிற் ஒன்றுக்குப் பார்த்தால் அதுதான் பெரியது. எங்கள் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 180 யுனிற்றைத் தாண்டிய கடைசிப் படியில் ஒரு யுனிற் விலை, சபை தரும் 20.90 ஐப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் அதிகம் பாவிக்கும் வீட்டுக்குக் கழிபடும் யுனிற்தான் தங்கம், விற்கும் யுனிற் வெள்ளிகூட இல்லை. நெற் பிளஸில் சேர்ந்தால் அந்தத் தங்கத்தையும் 20.90க்கு விற்றுவிட்டு, கடைசிப் படி விலைக்குத் திரும்ப வாங்குகிறீர்கள்.

மாறாக, மாதம் 60 யுனிற்றுக்குள் பாவிக்கும் வீடு என்றால் கதை தலைகீழ். அவர்களுக்குச் சபை விற்கும் விலை 20.90 ஐவிடக் குறைவு. முழுக்க விற்றுவிட்டு மலிவாக வாங்குவது இலாபம், நெற் பிளஸ் சரி. ஆனால் 60 யுனிற் பாவிக்கும் குடும்பத்துக்கு 5 கிலோவாற் பூட்டும் காசு எங்கிருந்து வரும்? பெரும்பாலும் கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ. யாழ்ப்பாணத்தில் நெற் பிளஸ் என்றால் எனக்கு ஞாபகம் வருவது ஆளில்லாத பெரிய மாடி வீடுகள்தான். காவலுக்கு ஒரு வயதானவர், கேற்றில் ஒரு விளக்கு, கூரை முழுக்கச் சோலர் தகடுகள்.

வலையமைப்பின் கண்ணால் பார்த்தால் இந்த ஆளில்லாத வீடுதான் மோசமான வாடிக்கையாளர். நண்பகலில் உற்பத்தியாகும் அத்தனையும் கம்பியில் ஏறுகிறது, வீட்டுக்குள் அதை விழுங்க ஒரு பிரிட்ஜ்கூட இல்லை. பகலில் ஆட்கள் இருக்கும் வீடு, கிணற்று மோட்டரை 11 மணிக்குப் போடும் வீடு, பகலில் தைக்கும் வீடு, இவையெல்லாம் தம் உற்பத்தியில் ஒரு பங்கைத் தாமே முடித்துவிட்டுத்தான் மிச்சத்தை அனுப்புகின்றன.

நெற் மீற்றரிங்கும் நெற் அக்கவுண்டிங்கும் வலையமைப்புக்கு நல்லவையா என்றால், அதுவும் முழு உண்மை இல்லை. பகல் 12 மணி யுனிற்றையும் இரவு 8 மணி யுனிற்றையும் ஒரே யுனிற்றாக எண்ணிக் கழிக்கின்றன அவை. சபைக்கு அவை இரண்டும் ஒன்றில்லை. விடுமுறை நாளின் நண்பகல் யுனிற் யாரும் கேட்காதது, இரவு 8 மணி யுனிற் எண்ணெய் எரித்துச் செய்வது. அதாவது வீட்டுக்காரருக்குச் சபை இலவசப் பற்றரியாக நிற்கிறது. அதன் செலவு, சோலர் இல்லாத ஓட்டு வீட்டுக்காரரின் பில்லிலும் கொஞ்சம் ஏறுகிறது. தாங்கள் மாதக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க, கூரையில் இடமில்லாத தொடர்மாடிக்காரரும் வாடகை வீட்டுக்காரரும் கட்டுகிறார்கள் என்பதைச் சோலர்காரர் ஒத்துக்கொள்வது அரிது.

பற்றரி இந்தக் கணக்கை மாற்றக்கூடியது. 2025 இல் அறிவித்த ஏற்பாட்டின்படி, பற்றரியில் சேமித்து உச்ச நேரத்தில் சபைக்குக் கொடுத்தால் யுனிற்றுக்கு 45.80 ரூபா. 5 கிலோவாற்-மணி பற்றரியிலிருந்து மாலையில் 4 யுனிற் கொடுக்கிறீர்கள் என்று வைப்போம். நாளொன்றுக்கு 183 ரூபா. ஆனால் 4 யுனிற் வெளியே எடுக்க ஏறத்தாழ 4.4 யுனிற் உள்ளே போட வேண்டும், இடையில் கொஞ்சம் சூடாகப் போய்விடும். அந்த 4.4 ஐப் பகலிலேயே விற்றிருந்தால் 92 ரூபா. ஆக, பற்றரி உங்களுக்கு உழைத்துத் தருவது நாளுக்கு 91 ரூபா அளவில், மாதம் 2,700 சொச்சம். பற்றரியின் விலையை இதனால் வகுத்துப் பாருங்கள். கடன் வாங்கிப் போட்டால் வட்டியிலேயே பெரும்பகுதி போகும்.

அப்படியென்றால் வேண்டாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பலர் அறியாமல் சோலர் வாங்கும் ஒரு விடயம், பற்றரி இல்லாத சோலர் மின்வெட்டில் வேலை செய்யாது என்பது. வெளியே வெயில் கொளுத்தும், கூரையில் 5 கிலோவாற் இருக்கும், வீட்டுக்குள் ஃபான் ஓடாது. வீதியில் லைன்மன் வேலை செய்யும்போது உங்கள் கூரையிலிருந்து கரண்ட் போய் அவரை அடிக்கக்கூடாது என்பதற்காக, சபைக் கரண்ட் போனதும், சோலர் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடும்படி செய்திருக்கிறார்கள். பெப்ரவரி 9 அன்று இது பலருக்கு விளங்கியது. மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால், பற்றரியோடும் சேர்ந்து ஓடக்கூடிய ஹைபிரிட் இன்வேர்ட்டரும் பற்றரியும் வேண்டும். அந்த நிம்மதிக்கு ஒரு விலை போட்டு, அதோடு 2,700 ஐயும் கூட்டினால்தான் கணக்கு ஓரளவு சரிவரும். வீட்டில் ஒக்சிசன் இயந்திரம் பாவிக்கும் நோயாளி இருந்தால், மருந்துகளைக் குளிரில் வைக்க வேண்டியிருந்தால், ரூபா சதம் பார்க்கும் கணக்கே தேவையில்லை.

வலையமைப்புக்கோ பற்றரி இருபக்க இலாபம். நண்பகலில் தள்ளுவதைக் குறைக்கிறது, மாலையில் எண்ணெயைக் குறைக்கிறது. ஒரே நிபந்தனை, பற்றரி சரியான நேரத்தில் நிரம்ப வேண்டும். காலை 8 மணிக்கே நிரப்பத் தொடங்கி 10:30 க்கு நிரம்பிவிட்டால், 12 மணிக்குக் கூரை மறுபடி முழு வேகத்தில் கம்பிக்கு அனுப்பும். பூட்டுபவரிடம் சொல்லி 10 மணிக்குப் பிறகு நிரம்பும்படி அமைத்துக்கொள்ளலாம். நல்ல இன்வேர்ட்டர்களில் இந்த வசதி இருக்கிறது, யாரும் தொடுவதில்லை.

நாட்டளவிலான மின்தடையைவிட வீட்டுக்காரர் அன்றாடம் படும் பாடு வேறு, அது ஒழுங்கைக் கம்பியில் இருக்கிறது. எங்கள் வோல்ற்றளவு 230, அதிலிருந்து 6 சதவீதம் மேலேயோ கீழேயோ போகலாம். அதாவது 216 முதல் 244 வரை. ஒரு றான்ஸ்போமரில் ஒன்றிரண்டு வீடு சோலர் பூட்டியிருந்தால் சிக்கல் இல்லை. பத்துப் பன்னிரண்டு வீடு பூட்டினால் நண்பகலில் எல்லோரும் ஒரே நேரத்தில் தள்ள, வோல்ற்றளவு ஏறும். தெரிந்த ஒருவரின் வீடு ஒழுங்கையின் கடைசிக் கம்பத்தில். நண்பகலில் அவருடைய இன்வேர்ட்டர்த் திரையைப் பார்த்தால் 246, 249, 252 என்று ஏறி, சிவப்பு விளக்கு எரிந்து, நின்றுவிடும். சில நிமிடத்தில் திரும்பத் தொடங்கும். பிறகு மறுபடி நிற்கும். நல்ல வெயிலில்தான் அவருக்கு நட்டம். றான்ஸ்போமருக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்தத் தொல்லையே இல்லை. கம்பியின் நுனியில்தான் வோல்ற்றளவு அதிகம் ஏறும்.

இதனால்தான் பூட்டுவதற்கு முன் மூன்று விடயம் விசாரிக்கச் சொல்வேன். உங்கள் றான்ஸ்போமரில் ஏற்கெனவே எவ்வளவு சோலர் இருக்கிறது? வீதியில் வரும் மூன்று பேஸ் (phase) கம்பிகளில் உங்கள் வீடு எதில், பக்கத்துச் சோலர் வீடுகளும் அதே பேஸிலா? நண்பகலில் இப்போதே உங்கள் வீட்டு வோல்ற்றளவு எவ்வளவு? கடைசிக் கேள்விக்கு ஒரு சாதாரண மீற்றரைச் செருகி ஞாயிறு மதியம் பார்த்தாலே விடை கிடைக்கும். 242, 243 என்று காட்டினால் 5 கிலோவாற் ஆசையை விட்டு 2 அல்லது 3 க்கு வாருங்கள், அல்லது பற்றரியோடு போங்கள். பூட்டிய பிறகு சபைக்கு முறைப்பாடு எழுதி, தடித்த கம்பி வரும்வரை காத்திருப்பது நீண்ட கதை.

சபையின் பக்கத்திலும் தெரிவுகள் உண்டு. அவை எங்கள் முடிவைப் பாதிக்கும். வேண்டுகோள் விட்டு நிறுத்தச் சொல்வது ஒன்று. அதை எத்தனை பேர் கேட்பார்கள் என்று நம்பி வலையமைப்பை நடத்த முடியாது. தூரத்திலிருந்து தானே நிறுத்துவது இன்னொன்று. தென் அவுஸ்திரேலியா இதைச் செய்துவிட்டது. 2020 செப்டெம்பருக்குப் பிறகு அங்கே பூட்டும் கூரைத் தொகுதிகள் தேவைப்பட்டால் தூரத்திலிருந்து நிறுத்தக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று சட்டம் வந்து, 2021 மார்ச்சில் முதல் தடவையாகப் பாவித்தும் விட்டார்கள். அடிலெய்டில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர் பலருக்கு இது பழகிய விடயம். அங்கே பகல் 10 முதல் 3 வரை, மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பிகளுக்கான கட்டணத்தைக் குறைத்து, தண்ணீர் சூடாக்குவதைக்கூடப் பகலுக்கு மாற்றினார்கள். இங்கேயும் தூர நிறுத்தம் வரும் என்றே நினைக்கிறேன். இப்போது வாங்கும் இன்வேர்ட்டர் இணைய வசதியோடும் வெளியிலிருந்து கட்டுப்படுத்தக்கூடியதாகவும் இருந்தால், பிறகு மாற்றும் செலவு மிச்சம்.

ஜேர்மனியின் அனுபவமும் இதையே சொல்கிறது. அங்கே அதிர்வெண் 50.2 ஹேர்ட்ஸைத் தொட்டதும் எல்லாச் சோலரும் ஒரே நொடியில் கழன்றுவிடும்படி ஒரு காலத்தில் விதி வைத்திருந்தார்கள். சோலர் பெருகிய பிறகுதான் அது எவ்வளவு ஆபத்து என்று புரிந்தது. 2012 இலிருந்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தொகுதிகளைத் தேடிப்பிடித்து அமைப்பை மாற்றினார்கள்.

600 மெகாவாற் மகா ஓயா நீரேற்று நிலையம் வந்தால் பகல் மிச்சத்தில் தண்ணீரை மேலே ஏற்றி இரவில் இறக்கலாம். வரட்டும், நல்லது. அதை நம்பி இந்த வருட முடிவை எடுக்க வேண்டாம்.

என் தெரிவு என்ன என்று கேட்டால், வீட்டைப் பொறுத்து. மாதம் 150 முதல் 250 யுனிற் பாவிக்கும், பகலில் ஆள் இருக்கும் குடும்பத்துக்கு 2 அல்லது 3 கிலோவாற், நெற் அக்கவுண்டிங், பற்றரி பிறகு சேர்க்கக்கூடிய ஹைபிரிட் இன்வேர்ட்டர். பாவனைக்கு அளவாகப் பூட்டுங்கள். 20.90க்கு விற்க என்று கூரையை நிரப்புவதில் இப்போது பெரிய சாரம் இல்லை. மின்சாரக் கார் வைத்திருப்பவர் பகலில் வீட்டில் நிறுத்த முடிந்தால் 5 கிலோவாற் வரை போகலாம், பற்றரிக்குப் பதில் காரையே நண்பகலில் நிரப்பலாம். இரவு ஏழு மணிக்குத்தான் செருக முடியும் என்றால் அந்தக் கார் உச்ச நேரத்துக்கு இன்னொரு பாரம், பத்தரைக்குப் பிறகு நிரம்பும்படி வையுங்கள். வெங்காயமும் புகையிலையும் செய்பவர் பகலில்தான் இறைக்கிறார், சோலருக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

வெளிநாட்டிலிருந்து ஆளில்லாத வீட்டுக் கூரைக்குக் காசு அனுப்ப யோசிப்பவர்களுக்கு: 10 கிலோவாற் நெற் பிளஸ் 19.61 ரூபாவில் வங்கி வட்டியை வெல்லுமா என்று முதலில் பாருங்கள். வெல்லாவிட்டால் அந்தக் காசில் பாதிக்கு, ஆள் குடியிருக்கும் தம்பியின் வீட்டில் 3 கிலோவாற்றும் ஒரு பற்றரியும் பூட்டிக் கொடுக்கலாம். ஒப்பந்தம் யார் பெயரில், மீற்றர் யார் பெயரில் என்பதை மட்டும் முதலிலேயே எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள், அது 20 வருடக் கையெழுத்து.